நான்காம் இரவின் ஒரு மணி நேரம்

ஏப்ரல் 9, 2016, சனி

இன்றும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, வானாய்வுக்கூடத்தின் பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருந்தேன். மார்ச் வந்தால் எங்கள் நவாஹோ பழங்குடி நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவோம். வானாய்வுக்கூடம் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் தள்ள மாட்டார்கள். எத்தனை முறைதான் மறப்பேன்?

“கதவுக்குக் காவலாடி?” என்றபடி வெர்னா சித்தி சாவியை எடுத்தார்.

சித்தி முப்பது வருஷமாக வால்மீன்களையும் சிறுகோள்களையும் தேடுகிறார். அவர் கண்டுபிடித்தவை நாற்பத்தொன்று! சனிக்கிழமைகளில் அவருடைய பழைய பதிவேடுகளை நான் கணினியில் ஏற்றுகிறேன்.

ஏப்ரல் 16

கண்டுபிடித்தவற்றைப் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். தொலைந்த சிறுகோள் ஒன்றைப் பற்றிக் கேட்டால் சாப்பாடு ஆறிவிடுகிறது. 1991 மே மாதம் நான்கு இரவுகள் அதைப் படமெடுத்தார். பாதையும் கணக்கிட்டார். ஆனால் பிறகு அது வரவேண்டிய இடத்தில் வரவே இல்லை. ஆகஸ்டில் சித்திக்கு ஓய்வு. அதற்குள் கிடைக்குமா? படத்தில் அது மயிரிழை போல ஒரு கோடு. அதைப் பார்க்கும்போது சித்தி மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 23

பதிவேட்டில் அந்த நான்கு இரவுகளின் பக்கங்கள் இன்று வந்தன. மே 9, 10, 11, பிறகு 13. பதின்மூன்றின் ஓரத்தில்: “அம்மா கொடுத்த ஆட்டுக்கறி, ரொட்டி. ஊரிலிருந்து நேராக வேலைக்கு.” முந்தின நாள் அன்னையர் தினம்.

நேரத்தை எதைப் பார்த்து எழுதுவீர்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். சுவர்க் கடிகாரம் அடிக்கடி நின்றுவிடும், கைக்கடிகாரம்தான் என்றார்.

அப்படியென்றால் அன்று அது எங்கள் ஊர் நேரத்தில் —

ஏப்ரல் 24

சொன்னால், ஒரு மணி நேரப் பிழையால் பாதையைத் தவறாகக் கணக்கிட்டு அதைத் தொலைத்தது அவரேதான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால்? எதுக்குத்தான் அந்த ஓரத்தப் படிச்சேனோ.

ஏப்ரல் 30

சொல்லிவிட்டேன். சித்தி அந்தப் பக்கத்தை வாங்கி ஓரத்தைப் படித்தார். பிறகு, “ரொட்டிய ஞாபகமா எழுதி வச்சிருக்கேன், கடிகாரத்தத் திருப்பி வைக்க மறந்துட்டேன் பாரு” என்றார்.

சிறுகோள்களைப் பதிவு செய்யும் மையத்துக்குத் திருத்தக் கடிதத்தை அப்போதே எழுத உட்கார்ந்தார். கடிகாரக் கோளாறு என்று போட்டால் போதுமே என்றேன்.

“கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சு. பாத்தவதான் தப்பு.”

அப்படியே எழுதினார். கீழே, பிழையைக் கண்டவர் ரோவீனா என்று என் பெயர்.

மே 20

கிடைத்துவிட்டது. திருத்திய பாதையில், 2011இல் வேறு யாரோ எடுத்த படத்தில். போனில் சித்தி மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

மே 21, சனி

இன்றும் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் இரண்டாவதாக, ஒரு மணி நேரம் முன்னே காட்டும் ஒரு கடிகாரம். அதன் அடியில் சித்தியின் கையெழுத்து: வீடு.