அப்பாவை இடப்பக்கம் புதைத்தாய்

அன்பு மகன் ஒபுராவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தம்பி ஓச்சோலாவும் ஆடுமாடுகளும் இங்கே சுகம், வின்னிபெக் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது என்று முதலில் அதை எழுது. மழை இந்தத் தடவை ஏமாற்றவில்லை, சோளம் நெஞ்சளவு நிற்கிறது, ஏரியில்தான் மீன் குறைந்துபோய் கிசுமு சந்தையில் விலை கேட்கவே பயமாக இருக்கிறது.

உன் நாவல் வந்து சேர்ந்தது. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, ஞாயிறு ஆராதனை முடிந்து முற்றத்தில் உட்கார்ந்து ஓச்சோலா நம் பாஷையில் சொல்லச் சொல்லக் கேட்டோம், அப்பா சாகும் அத்தியாயம் வரை எல்லாருக்கும் ஒரே பெருமை. அதில் அவரை வீட்டுக்கு இடப்பக்கம் புதைத்துவிட்டாயே மகனே. உன் சித்தப்பா நியாங்வேசோ எழுந்தே நின்றுவிட்டார். ஆம்பளைக்கு வலப்பக்கம், பொம்பளைக்கு இடப்பக்கம், இதுகூடத் தெரியாதவன் நம்ம லுவோ சனத்தோட கதைய எழுதக் கெளம்பிட்டானா, நாளைக்கு வெள்ளைக்காரன் இதப் படிச்சிட்டு நமக்கே பாடம் நடத்துவான் என்று ஒரே சத்தம். பக்கத்து வீட்டு அகெலோ சும்மா இருப்பாளா, கனடா போனா வலது இடது மாறிடுமோ என்னமோ, விடுங்க மாமா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ச் சாவு ஒன்றில்கூட அவனை நிற்க விடாமல், நம் பாஷை பேசினால் அடிக்கிற விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னதே நீங்கள்தானே என்று சித்தப்பாவைக் கேட்டேன். எழுந்து நின்றவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா போனபோது நீ வரவில்லை. காகிதம் இன்னும் கைக்கு வரல, இப்ப கெளம்பினா திரும்ப உள்ள விடமாட்டாங்கம்மா என்று போனில் சொன்னாய். மூத்தவன் போட வேண்டிய முதல் மண்ணை ஓச்சோலா போட்டான். அதிலிருந்து நான் உன்னோடு மனம்விட்டுப் பேசியதில்லை, நீயும் கவனித்திருப்பாய். பெற்ற அப்பனுக்கு ஒரு பிடி மண் போட வராதவனுக்கு என்ன எழுத்து, என்ன பேர் என்று உள்ளுக்குள் வைதுகொண்டே இருந்தேன். உன் நாவலில் மகன் விமானத்தை விட்டு இறங்கி ஓடி வருகிறான், குழியோரம் முழங்கால் போட்டு முதல் மண்ணை அள்ளிப் போடுகிறான். அதைச் சொல்லிவிட்டு ஓச்சோலா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். நீ அங்கே ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து அப்பாவை அடக்கம் பண்ணியிருக்கிறாய், உனக்கு ஆறுதல் சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன் ஒபுரா. என் கோபம் அன்றோடு போயிற்று.

இடப்பக்கத் தப்பை ஓச்சோலா போனில் சொன்னதும், அடுத்த பதிப்பில் மாற்றட்டுமா என்று கேட்டிருந்தாய். மாற்று. அப்பா வலப்பக்கம் மாமரத்தடியில் இருக்கிறார், அங்கேயே கொண்டுபோய் வை.

காதை மூடாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், நீ போகிற பாதை நல்ல பாதையாக இருக்கட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. இடப்பக்கம் எனக்கு உரியது. இப்போதைக்கு அங்கே கீரை போட்டிருக்கிறேன், அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாளை நீ எழுதக் கூடாது, வர வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
பெர்சிலா அபோண்டி