படிவத்தில் இடமில்லாத பெயர்

அனுப்புநர்:
ச. யூஜின்,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்,
விவேக் நகர், பெங்களூர்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
இருதய அறுவைப் பிரிவு, பெங்களூர்.

பொருள்: அறுவைக்கு முந்தின நாள் பிசிஷியன் அசிஸ்டென்ட் சரளா அவர்கள் நோயாளியைச் சந்திக்க உள்ள தடையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி பவுலினுக்கு வரும் 19ஆம் தேதி தங்கள் பிரிவில் இருதய வால்வு மாற்றும் அறுவை நடக்கவிருக்கிறது. முதல் அறுவை 1995இல், இதே கட்டடத்தில் நடந்தது. அப்போது லிஃப்ட் கிடையாது. கேன்டீன் காபி நன்றாக இருக்கும்.

2. அந்த முறை முந்தின நாள் மாலையே சரளா அவர்கள் வார்டுக்கு வந்தார். அறுவையில் டாக்டருக்கு எதிரே நின்று கைகொடுப்பவர் அவர்தான். மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் கேட்டு முடித்தபின், வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்றார். பவுலின் எக்ஸ்ரேக்குப் போயிருந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

3. மறுநாள் மயக்கம் தெளிய வேண்டிய நேரம் கடந்தும் அவள் கண் திறக்கவில்லை. “மிஸஸ் பவுலின்” என்று மாறி மாறி அழைத்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே எனக்கு உயிரே இல்லை. சரளா அவர்கள் குனிந்து அந்தப் பெயரைச் சொன்னார். உடனே கண்ணைத் திறந்து முறைத்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. வாயிலிருந்த குழாயை எடுத்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “அந்தப் பேர ஆஸ்பத்திரி பூரா சொல்லிட்டீங்களா?”

4. இப்போது உதவியாளர்கள் அறுவை அறையோடு நின்றுகொள்ள வேண்டுமாம். நோயாளியிடம் பேசுவது கவுன்டர்காரர்கள் வேலையாம். அவர்கள் நாலு பக்கப் படிவம் தந்தார்கள். முப்பது வருடம் படிவங்களோடு குப்பை கொட்டியவன் நான், படிவத்தை மதிப்பவன். அதில் மதம் கேட்டிருக்கிறது, வாகன எண்கூடக் கேட்டிருக்கிறது, வீட்டில் கூப்பிடும் பெயரைக் கேட்கவில்லை. நேற்று வராந்தாவில் சரளா அவர்கள் என்னைப் பார்த்துக் கைகூப்பியதோடு நகர்ந்துவிட்டார். மனது கேட்கவில்லை ஐயா.

5. ஒன்பது வருடத்தில் எத்தனை நோயாளிகள். அந்தப் பெயர் அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. பவுலினுக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. 18ஆம் தேதி மாலை பத்து நிமிடம் அவரை வார்டுக்கு அனுப்பிவைக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

6. விதி இடம் தராவிட்டால், அன்று அவளைக் கூப்பிடப் போகிறவர் யாராயினும் அவருக்காக இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியாத பெயர். குள்ளி என்று கூப்பிடவும். சற்றுச் சத்தமாகக் கூப்பிடவும். கோபம் வந்தால் கட்டாயம் கண் திறப்பாள்.

இடம்: பெங்களூர்
நாள்: 11-10-2004

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ச. யூஜின்