இறக்காத மெயின்

சிதம்பரம், 2012

அக். 3, புதன்
புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. வாங்க வேண்டியவை: சாக்பீஸ், பெட்ரோல், தலைவலி மாத்திரை.

மாடியில் ஆசிரியர் தேர்வு வகுப்பு. இன்று ஆங்கில மரபுத்தொடர்கள், ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொள்வது பற்றியவை. 'ப்ளேயிங் வித் ஃபயர்' எல்லோருக்கும் சுலபம். 'ஸ்கேட்டிங் ஆன் தின் ஐஸ்' என்றதும் ஒருத்தி, "மீன் பொட்டியில போடுற ஐஸா சார்?" ஒரே சிரிப்பு. 'ஆஸ்க்கிங் ஃபார் ட்ரபிள்' என்றால் வம்பை விலைக்கு வாங்குவது என்றேன். முன் பெஞ்சு கல்பனா: "எங்க வூட்டுக்காரர் தெனம் கம்பம் ஏறுறாரே, அது மாதிரியா சார்?" அவள் கணவர் செல்வம்தான் எங்கள் தெருவுக்கு லைன்மேன். "அது வேலைம்மா, வம்பில்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி திருத்தினேன்.

அக். 4, வியாழன்
எழுதக் கை வரவில்லை.

பாதி வகுப்பில் கரண்ட் போனது. வழக்கம்போல் ஜெனரேட்டர். அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டால் மாடி முழுக்க ஃபேன் ஓடும். ஆனால் முதலில் கீழே போய் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் திரும்பித் தெருக்கம்பியில் ஏறும். தெரியும். நன்றாகவே தெரியும். படி இறங்கச் சோம்பல்.

எதிர்க் கம்பத்தில் செல்வம் வேலையாக இருந்திருக்கிறார். நான் எட்டிப் பார்க்கவில்லை. அலறல் கேட்டது. முதலில் ஜெனரேட்டரை அணைத்தேன். பிறகு ஒயரைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் போட்டேன். அதற்கப்புறம்தான் தெருவுக்கு ஓடினேன். நினைத்தால் என் மேலேயே அருவருப்பு.

"உசுரு இருக்கு, ஆட்டோவ கூப்புடு!" யாரோ கத்தினார்கள். கல்பனா என்னைத் தாண்டி ஓடினாள்.

அக். 6, சனி
செல்வம் கடலூர் ஆஸ்பத்திரியில். வலது கை கருகிவிட்டது. விரல்கள் சந்தேகம். கரண்ட் ஆபீசில் பழி அவர் மேலேயே, ஃபியூஸைப் பிடுங்காமல் ஏறினார் என்று. வேலையே போகலாம்.

டீக்கடையில் ஒருவர்: "அவனே வம்ப வெல குடுத்து வாங்கிக்கினான்." கேட்டுக்கொண்டே டீ குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி.

அக். 7, ஞாயிறு
கடலூர் பஸ். கையில் ஆப்பிள், ரொட்டி. கல்பனா மருந்து வாங்கப் போயிருந்தாள். சொல்ல வாயெடுத்தேன். செல்வம் முந்திக்கொண்டார்.

"ஜெனரேட்டர் சத்தம் கேட்டுச்சு சார். நம்ம சார்தானே, மெயின எறக்கியிருப்பாருன்னு கைய வெச்சிட்டன்."

பின்னே ஏன் ஆபீசில் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா வகுப்ப மூடிருவாங்க. கல்பனா பரிச்ச எழுதட்டும். இனிமே அவ சம்பாரிச்சாத்தான் உண்டு."

ஆப்பிளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். திரும்பும் பஸ்ஸில் அழுகை. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலோரம் இடம் விட்டார்.

அக். 8, திங்கள்
காலையில் மழை. நேராகக் கரண்ட் ஆபீஸ். ஒயரை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அதிகாரி: "கேஸ் ஆவும் சார், தெரியுமில்ல?" தெரியும்.

மாற்றுத்துணி எடுக்க கல்பனா ஊருக்கு வந்திருந்தாள். வகுப்புக்கும் வந்தாள். மற்றவர்கள் வருமுன் நானே சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முன் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள்.

"போலீஸ் கூப்புடறதுக்கு முன்னாடி பாடத்த முடிச்சிருங்க சார்."