படிக்காமல் எழுதிய பாராட்டு

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் பொறுத்துத்தானே ஆக வேண்டும்!

நூற்றிருபது கட்டுரை நோட்டுகள் மேசையில் மலையாகக் கிடந்தன. பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். பிள்ளைக்கு நாலு வரி என்று கருத்து எழுதித் தந்தது. அதை அப்படியே என் கையால் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். இத்தனை நாள் வெறும் டிக் வாங்கிய பிள்ளைகள் பூரித்துப் போனார்கள். இதில் என்ன தப்பு, சொல்?

ஒன்றுதான் உறுத்துகிறது. வகுப்பில் வாயே திறக்காத பெண் ஒருத்தி, அந்தப் பாராட்டை வெட்டியெடுத்துப் பென்சில் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். "நீங்க எழுதினதப் பாத்துதான் மிஸ், கட்டுரைப் போட்டிக்குப் பேர் குடுத்தேன்" என்கிறாள். அவள் கட்டுரையில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை, அக்கா.

உன் வாலு

ஜூலை 11

அருமை வாலுவுக்கு,

கடைசி வரி வரை பொறுத்தேன். பிறகு கத்தினேன். உன் அத்தான் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.

ஏஐயை நான் குறை சொல்லவில்லை. என் கணக்கு வகுப்பில் ஒருவன் பின்னத்தைப் பத்துத் தடவை அதனிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டான். எனக்கு மூன்றாம் தடவையே மூக்கு சிவந்துவிடும்; அதற்கு மூக்கே கிடையாது. ஆனால் தன்னோடு பேசுவது எது என்று அவனுக்குத் தெரியும். உன் வகுப்புப் பெண்ணுக்குத் தெரியாதே! நீ படித்தாய் என்று நம்பித்தானே ஒட்டி வைத்திருக்கிறாள்?

உண்மையைச் சொன்னால் போட்டியிலிருந்து விலகிவிடுவாளோ என்று உனக்குப் பயம். எனக்கும்தான். இருந்தாலும் சொல். சொல்லும்வரை எனக்குக் கடிதம் போடாதே.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்கா,

கடிதம் போடுகிறேன் பார், சொல்லிவிட்டேன்!

மதிய இடைவேளையில், காலி வகுப்பில். அவள் முகம் சுருங்கிப் போனது.

"அப்ப நீங்க படிக்கவே இல்லையா, மிஸ்?"

"இல்லம்மா."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். நோட்டை என் முன்னால் வைத்து, "இப்ப படிங்க" என்றாள். நகராமல் பக்கத்திலேயே நின்றாள்.

'என் அப்பா' என்று தலைப்பு. நான்காவது வரி இது: "அப்பா ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்வார்; எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆறு மாடியும் படியில்தான் ஏறி வருவார்." வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அக்கா. ஏஐ 'ஆழ்ந்த பாச உணர்வு' என்று எழுதியிருந்தது. லிஃப்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

"முடிவுதான் சவசவன்னு இருக்கு, மாத்து" என்றேன். தலையாட்டினாள். போட்டியில் பெயர் அப்படியே இருக்கிறது. மூடியில் இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேறு எழுதித் தரச் சொன்னாள். 'நான்காவது வரியில் சிரித்தேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அதை ஒட்டியிருக்கிறாள்.

மற்ற பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு, நூற்றுப் பத்தொன்பது நோட்டையும் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். எழுத்துப் பிழையை ஏஐ பார்க்கும். சிரிப்பதும் திட்டுவதும் நான். அதனால் இரண்டு வாரத்துக்கு என்னிடமிருந்து கடிதம் எதிர்பார்க்காதே.

உன் வாலு