பந்தி வஞ்சனை இல்லாத வீடு

செஞ்சி,
சோபகிருது ஆண்டு, மாசி 9.

அருகப் பெருமான் திருவடி துணை.

அன்பு மகள் டாக்டர் ராஜமதிக்கு நைனா எழுதுவது. நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் உன்னிடத்தில் குறைவின்றி விளங்குக. இங்கே நானும் உன் அம்மாவும், அண்ணன் சம்பவநாதனும், அண்ணி சந்தனாவும், குழந்தைகளும் நலம். சம்பா நெல் வீடு வந்து சேர்ந்தது. அமாவாசையன்று திருநாதர்குன்றுக்கு நடந்தே சென்று வணங்கி வந்தேன். முழங்கால் முணுமுணுத்ததே தவிர மறுக்கவில்லை.

சென்னையிலிருந்து நீ எழுதிய கடிதத்தைப் பகல் உணவின்போது எல்லோரும் கேட்க உரக்கப் படித்தேன். பம்பாயில் கூடும் பல் மருத்துவர் மாநாட்டில் உன் ஆராய்ச்சியை வாசிக்க அழைப்பு வந்திருப்பதையும், அது நன்கு அமைந்தால் ஸ்காட்லாந்து தேசத்தில் மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்பதையும் கேட்டு உன் அண்ணன் இலையிலேயே கையைத் தட்டினான். அடுத்த பத்தியைப் படித்தபோதுதான் சந்தனாவின் கையிலிருந்த நெய்க் கிண்ணம் அப்படியே நின்றுவிட்டது.

நீ எழுதியிருந்தாய்: செஞ்சியில் சிவப்பு டப்பாப் பற்பொடி பெற்றவர்களுக்கும் பச்சை டப்பா பெற்றவர்களுக்கும் ஈறு வீக்கமும் இரத்தக் கசிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருக்கின்றன, ஆகவே ஒரு நிறத்து டப்பாவில் கலந்திருந்த புது மருந்தால் தனிப்பயன் ஏதும் இல்லை என்பதே உன் முடிவு. எந்த நிறத்தில் மருந்து, எந்த நிறத்தில் வெறும் பொடி என்பது துலக்கியவர்களுக்கும் தெரியாது, ஈறுகளைப் பார்த்த உனக்கும் தெரியாது, உன் பேராசிரியர் ஒருவருக்கே தெரியும் என்று அப்போதே நீ எங்களுக்கு விளக்கியிருந்தாய். அந்த ஏற்பாட்டின் நேர்மையை நான் பெரிதும் மெச்சினேன்.

சந்தனா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, நான் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டேன்” என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். நீ நம் வீட்டில் ஆளுக்கு ஒரு டப்பாவாக, சிலருக்குச் சிவப்பும் சிலருக்குப் பச்சையுமாகக் கொடுத்துச் சென்றாய் அல்லவா? இரண்டாம் நாளே சின்னவன், பெரியவனுக்கு மட்டும் ஏன் சிவப்பு என்று அழுதானாம். அதையாவது அடக்கியிருப்பாளாம். ஒன்றில் மருந்து இருக்கிறது, மற்றதில் இல்லை என்பது அவள் மனத்தை அறுத்திருக்கிறது. “ஒருத்தருக்கு நெய்ய ஊத்தி, பக்கத்து எலைக்கு வெறுஞ்சோறு வெக்கிற வூடா மாமா இது?” என்று என்னையே கேட்டாள். ஆகவே எல்லா டப்பாக்களையும் பெரிய ஊறுகாய் ஜாடியில் கவிழ்த்து, நன்றாகக் கலந்து, மறுபடி நிரப்பி அதனதன் இடத்தில் வைத்துவிட்டாள். அவ்வளவோடும் நின்றாளா? ஜினாலயத்தில் பூசை முடிந்து திரும்பும் வழியில் நம் தெரு மருமகள்கள் அனைவருக்கும் இந்த நீதியை உபதேசித்துமிருக்கிறாள், அவர்களும் அப்படியே கலந்திருக்கிறார்கள். டப்பாவின் நிறம் இரண்டானாலும் நம் தெருவில் துலக்கிய பொடி ஒன்றே.

பந்தி வஞ்சனை கூடாது என்று இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் கேட்டு வளர்ந்த பாடத்தை அவள் பிழையின்றிக் கடைப்பிடித்தாள். அவளை நான் கோபிக்கவில்லை, நீயும் கோபிக்கலாகாது. அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

உன் அண்ணன், “நைனா, இத எழுதாத. பாப்பா ரெண்டு வருசமா ஒழைச்சிருக்குது. ஊறுகா ஜாடி விசயம் பம்பாய்க்காரனுக்கா தெரியப் போவுது?” என்றான். உன் அம்மா பாத்திரங்களை எடுத்துச் சென்றாள். பிற்பகலில் என் அருகே வந்து அமர்ந்து, “பயணம் நின்னா நின்னுட்டுப் போவுது. இங்கயே பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஆஸ்பத்திரி வெச்சிக்கினு கண்ணு முன்னால இருக்கட்டுமே” என்றாள்.

அதைக் கேட்டதும், எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், மகளே. பொய்யாமை நம் நோன்பு. ஆயினும் உண்மையைச் சொல்வதால் சொல்பவனுக்கே ஓர் ஆதாயம் இருக்குமானால், அந்த உண்மையை அவன் இருமுறை கழுவித்தான் எடுக்க வேண்டும். உன் பயணம் நின்றால் உன் அம்மாவுக்கு மட்டுந்தான் மகிழ்ச்சி என்று நீ எண்ணிவிடாதே.

எனவே வெறும் கெடுதிச் செய்தியை மட்டும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்து, மறுநாள் காலை, நம் கழனியில் வேலை செய்யும் ஆதிமூலத்தின் தெருவுக்குச் சென்றேன்; அங்கும் நீ பொடி கொடுத்திருந்தாய் அல்லவா? அங்கெல்லாம் சிறு குடும்பங்கள் ஆகையால், ஆளுக்கு ஒன்றாக அல்லாமல் வீட்டுக்கு ஒரே நிறமாக நீ கொடுத்திருந்தாய் என்பது நினைவுக்கு வந்தது. என்ன பதில் வேண்டும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் வீடு வீடாகக் கேட்டேன். நம் கழனியில் நடவு செய்யும் தைலம்மாள் கொஞ்ச நேரம் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு, “இன்னா நயினாரே, என்னப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேள்வி கேக்கலியே” என்றாள். பொடியை எதனோடாவது கலந்ததுண்டா என்று கேட்டதற்கு, “எங்களுக்குக் குடுத்ததே ஒண்ணு. ஒண்ண எதோட கலக்கறது? அதெல்லாம் பெரிய வூட்டு வேல” என்று சிரித்தாள். எதிர்வீட்டில் இருக்கும் தன் தங்கை கேட்டபோதுகூட ஒரு சிட்டிகை தரவில்லையாம். “பாப்பா குடுக்காதன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுல இருந்து அவ எங்கூடப் பேசறதில்ல” என்றாள். ஆராய்ச்சிக்காக உடன்பிறப்பைப் பகைத்தவள் என்று அவள் பெயரை நீ குறித்துக்கொள்ளலாம்.

அத்தெருவில் தங்கராசுவின் வீடு ஒன்றை மட்டும் நீக்கிவிடு. அவன் மனைவி பாதிப் பொடியைக் குத்துவிளக்கு துலக்கப் பயன்படுத்தியிருக்கிறாள். விளக்கு நன்றாகவே மின்னுகிறது. மற்ற வீடுகளில் பொடி கலக்கவுமில்லை, கைமாறவுமில்லை. யார் வீட்டில் எந்த நிறம், யாருக்கு ஈறு ஆறியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, பார்க்கவுமில்லை. அது உன் கண் காண வேண்டியது.

நம் தெருவை முழுவதுமாக விலக்கிவிட்டு அந்த வீடுகளை மட்டும் வைத்து மறுபடி ஆராய்ந்து பார். சிறியதாகிவிடும் என்று அஞ்சாதே. நல்ல மருந்தொன்று பயனற்றது என்று உன் வாயால் வெளியே போனால், அதனால் நோவு தீராமல் போகும் வாய்கள் எத்தனை! கொல்லாமையை நோன்பாகக் கொண்ட குடியிலிருந்து அப்படி ஒரு சொல் புறப்படலாகாது. உன் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல். அவர் சினந்தால், பிழை என் வீட்டில் நேர்ந்தது என்று என் பெயரைச் சொல்.

உன் முடிவு எதுவாயினும் எனக்குச் சம்மதம். எதை நான் விரும்புகிறேன் என்று மட்டும் கேளாதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் நைனா,
விருஷபதாஸ்.


செஞ்சி,
குரோதி ஆண்டு, சித்திரை 20.

அருகப் பெருமான் திருவடி துணை.

செல்வ மகள் ராஜமதிக்கு ஆசிகள். பம்பாயிலிருந்து நீ எழுதியதை இம்முறையும் உரக்கத்தான் படித்தேன். கலவாத வீடுகளில் பச்சை டப்பாவினருக்கே ஈறு நன்றாக ஆறியிருந்தது என்பதும், பேராசிரியர் தம் குறிப்பைத் திறந்தபோது மருந்து பச்சையில்தான் இருந்தது என்பதும் கேட்டு உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடுகள் சிலவே ஆகையால் இதை உறுதியாகச் சொல்ல இயலாது, இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று நீ சபையிலேயே சொன்னதைத்தான் நான் இருமுறை படித்தேன். ‘ஒருவகையில் இப்படியும் இருக்கலாம்’ என்று சொல்லக் கற்பதே நம் சமயத்தின் உயிர்நாடி. அதை நீ பல் மருத்துவத்தில் நின்று சொல்லியிருக்கிறாய்.

கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு மருந்து கொடுத்தால் என்ன நேரும் என்று ஊறுகாய் ஜாடியைத் தனிப் பகுதியாகவே வாசித்தாயாமே! மண்டபம் சிரித்து ஓய்ந்த பின் கல்கத்தாவிலிருந்து வந்த முதிய டாக்டர் எழுந்து, தம் ஆராய்ச்சியிலும் அப்படித்தான் நேர்ந்திருக்க வேண்டும், இருபது ஆண்டுகளாகக் காரணம் தமக்குத் தெரியாமல் இருந்தது என்றாராம். சந்தனா, “ஐயோ, எம்பேரப் போட்டுட்டாங்களா?” என்று பதறினாள். பெயர் இல்லை, ‘ஒரு மருமகள்’ என்று மட்டுமே இருக்கிறது என்றதும், சற்று நேரம் கழித்து, “பேரப் போட்டிருந்தாலும் பரவால்ல” என்று மெல்லச் சொன்னாள்.

உபகாரச் சம்பளம் உறுதியாகிவிட்டது, ஆவணியில் கப்பல் என்பதைப் படித்தபோது உன் அம்மா மீதமுள்ள மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். உன் அண்ணனுக்கோ அந்நாட்டுக் குளிரின் கவலை. கம்பளிச் சட்டைக்கு அவலூர்பேட்டைக் கடையில் சொல்லி வைக்கிறானாம். அங்கே எல்லாம் கிடைக்கும் என்று சொன்னால் அவன் கேட்பதாக இல்லை.

ஒன்று மட்டும் மனத்தை அரித்தது. உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்தும் சுந்தரமூர்த்தி ஐயாவிடம் விசாரித்தேன். அந்நாட்டில் கோடையில் இரவு பத்து மணிக்கும் வெயில் அடிக்குமாம். மார்கழியில் பிற்பகல் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுமாம். நீயோ மருத்துவமனையிலிருந்து ஐந்து மணிக்கு மேல்தான் வெளியே வருவாய். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நீ ஏழு வயதில் உவந்து ஏற்ற விரதம். அதிலிருந்து உன்னை விடுவிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே நேற்று சந்நிதியில் நின்று, அங்கே இருட்டிய பின் என் மகள் உண்ணும் உணவின் வினை என்னையே சேரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒருவர் வினையை மற்றொருவர் ஏற்க இயலாது என்று ஆகமம் சொல்வதை ஐம்பது ஆண்டுகளாகப் பிறருக்கு எடுத்துரைத்து வருபவன் நான். தெரிந்தேதான் வேண்டினேன்.

பசியோடு மட்டும் இராதே, அம்மா.

உன் நைனா,
விருஷபதாஸ்.