அம்மா டீச்சர் என்றேன்

அன்புள்ள அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து வினோதா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நன்றாகவே பதில் சொன்னேன். கடைசியில் கேள்வி கேட்ட மேடம், "அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டார். "டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நானே போன் செய்து, "மேடம், நேத்து பொய் சொல்லிட்டேன். எங்க அம்மா கந்தப்பளைத் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து பறிக்கிறாங்க" என்றேன்.

"அதை நேத்தே சொல்லியிருந்தா வேலை உங்களுக்குத்தான். பொய் சொன்னவங்களை எப்படிம்மா எடுக்கிறது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், கவலைப்படாதீர்கள். தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. கோபமிருந்தால் போனில் திட்டுங்கள், அம்மா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
வினோதா