கூரை வெட்டிய ஒஸ்ரின்

1996 மார்ச் 9, சனி

அம்மா இன்றும் வெளியே வரவில்லை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "குளிரடா." நல்ல வெயில். குளிராம்!

அப்பா இறந்துபோய் ஒன்றரை வருஷம். அன்றிலிருந்து அம்மாவுக்கு வீடு, அடுப்படி, ஜன்னல். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நான் மெக்கானிக்கல் படித்தவன். கழற்றிப் பூட்டத்தான் வரும்.

பின்னேரம் அப்பாவின் சூட்கேஸைத் திறந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் இங்கே காவிக்கொண்டு வந்தவை: கியர்த் தடியின் குமிழ், பொனற்றின் மூக்கில் இருந்த சிறகுச் சின்னம், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். படத்தில் அவரும் அம்மாவும், முன்னால் அவருடைய ஒஸ்ரின் ஏ40 கார். கூரையை வெட்டி எறிந்து, எஞ்சினைத் திறந்துவிட்டு, நாலு லொறிச் சில்லுகளைப் பூட்டி... இங்கே இதை ஹொட் ரொட் என்கிறார்கள். ஊரில் பைத்தியம் பிடித்த கார், 'விசர்க் கார்', என்றார்களாம்.

அதேபோல ஒன்று செய்தால்? அம்மாவை அதில் ஏற்றி வெளியே கொண்டுவந்தால்?

மார்ச் 24

ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணையில் ஒஸ்ரின் கிடைத்தது. கூடு மட்டும். உள்ளே கோழி முட்டை இட்டிருந்தது. அப்பாவின் கூட்டாளி அன்புராசா அங்கிள் தன் கராஜைத் தந்தார். இழுத்து வந்ததைச் சுற்றிப் பார்த்தார்.

"டேய், இது காரோ, கோழிக்கூடோ?"

"இப்போதைக்கு ரெண்டும்."

மார்ச் 25

அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சனியனை ஏன் திரும்பக் கொண்டாறாய்?" அறைக் கதவு சாத்தப்பட்டது.

துர்க்கா சிரிக்கிறாள். "யூ ஆர் ஸோ டம், அண்ணா. முதல்லை அம்மாட்டைக் கேட்டிருக்கலாமே?"

தங்கச்சி என்று ஒன்று இருந்தால் வாயும் இருக்கும்.

மே 5

என் சொந்த டொயோட்டாவின் எஞ்சினைக் கழற்றி ஒஸ்ரினுக்குள் இறக்கிவிட்டேன். இனி வேலைக்கு ஒஷாவாவுக்குப் பஸ். விசர்தான். பரவாயில்லை, கார் ஓடினால் சரி.

ஜூன் 2

முன்கண்ணாடியின் உயரம்தான் தலையிடி. அப்பா அதையும் வெட்டிக் குறைத்திருக்கிறார். எவ்வளவு? சில்லை வைத்து அளக்க முடியாது, எந்த லொறியினுடையதோ தெரியாது. படத்தில் அப்பா அம்மாவோடு காரின் அந்தப் பக்கம் நிற்கிறார். அவர் ஐந்தடி ஆறங்குலம். அதை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டேன். அழகான கணக்கு. இன்று கண்ணாடிச் சட்டத்தை வெட்டிவிட்டேன். அச்சொட்டு, மயிரிழை பிசகில்லை.

ஜூன் 9

படமும் வரைபடமும் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. அம்மா சோறு போட வந்தவ, நின்றுவிட்டா.

"கண்ணாடி இவ்வளவு பதிவில்லை, இன்னும் உயரம்."

"கணக்குப் பார்த்துத்தான் வெட்டினனான்."

"என்ன கணக்கு?"

சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து, கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு: "கொப்பர் கல்லிலை ஏறி நிண்டவரடா! ரெண்டு சீமெந்துக் கல்லு. என்னிலும் உயரமாத் தெரியோணுமாம். காருக்குப் பின்னாலை கால் தெரியாதெண்டு அதுக்குத்தான் அங்கை போய் நிண்டவர்."

எங்கள் வீட்டில் அம்மாதான் உயரம். அது ஊருக்கே தெரியும். படத்தில் அப்பாவின் தோளுக்கு நிற்கிறா. மூன்று மாதம் அந்தப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவன் நான். படித்தவனாம்!

ஜூன் 10

வெட்டிய சட்டம் குப்பைக்குள். ஆனால் அம்மா சிரித்தா.

ஜூலை 14

இன்று அப்பாவின் கார் என்ன நிறம் என்று சண்டை; படமோ கறுப்பு வெள்ளை. சிவப்பு என்று அங்கிள் சத்தியம் பண்ணுகிறார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே பண்ணினார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தா.

"அன்புராசா அண்ணை, உங்களுக்கென்ன தெரியும்? பச்சை. கிளிப்பச்சை. எனக்கெல்லோ தெரியும், அது என்ரை கார்."

அங்கிள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ரை அய்யா எனக்குச் சீதனமாத் தந்த கார். கலியாணம் முடிஞ்சு ரெண்டாம் மாதம், நான் அம்மா வீட்டை போயிருக்கேக்கை, கூரையை வெட்டிப்போட்டு நிக்கிறார். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ஸ்ரியரிங்கை ஒருநாள் தொடவும் விடேல்லை."

அங்கிள் மெல்ல, "அவன் எங்களுக்குத் தன்ரை கார் எண்டெல்லோ சொன்னவன், தங்கச்சி," என்றார்.

"சொல்லுவர்."

நானும் கேட்கவில்லைத்தானே? அப்பாவின் கார் அப்பாவின் கார் என்று நான்கு மாதம். "இப்ப என்ன நிறம் அடிக்கட்டும், அம்மா?" என்றேன்.

யோசிக்கவே இல்லை. "மஞ்சள்."

படத்தைச் சூட்கேஸுக்குள் வைத்து மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கார் சேஃப்ற்றி சோதனையில் பாஸ். மஞ்சள் என்றால் அப்படி மஞ்சள், எங்கள் வோபர்ன் பகுதி முழுக்கத் தெரியும். அம்மாவைக் கீழே கூப்பிட்டேன். லிஃப்ற் வரும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல சேலை கட்டி, தலைக்குத் துண்டு கட்டி, வந்தா.

வந்து, ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தா. ஊரில் அதுதானே பக்கத்து இருக்கை. இங்கே அந்தப் பக்கம்தான் ஸ்ரியரிங்.

"அம்மா, அது ட்றைவர் சீற். மாறி இருங்கோ."

அம்மா ஸ்ரியரிங்கைப் பார்த்தா. இரண்டு கையாலும் பிடித்தா. "பக்கத்திலை இருந்தது போதும்."

"லைசன்ஸ் இல்லை உங்களுக்கு!"

"கார் ஓடப் பழக்கிறன் எண்டு சொல்லு. எழும்புறன்."

அங்கிள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அம்மா ஹோர்னை அமத்திப் பார்த்தா. இரண்டாந்தரமும். நாலாம் மாடியில் ஜன்னல் திறந்தது.

சொன்னேன். வேறென்ன செய்ய?

செப்ரெம்பர் 22

லைசன்ஸுக்கான எழுத்துச் சோதனையில் அம்மா முதல் தரமே பாஸ். இன்று வெறும் பார்க்கிங் லொற்றில் கிளச் பழக்கினேன். மூன்றாந்தரம் எஞ்சின் நின்றபோது கத்திவிட்டேன். அம்மா கார்த் திறப்பை உருவிக் கைப்பைக்குள் போட்டா.

"இறங்கு. கத்தி முடிச்சிட்டு வா."

லொற்றைச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்தபோது அம்மா காரை மெல்ல ஓட்டிக்கொண்டு எதிரே வந்தா; கிளச் தானாகவே பிடிபட்டிருந்தது. நான் இல்லாமல்.

நவம்பர் 11

பனி. கார் கராஜுக்குள். "எப்ப கரையும்?" என்று அம்மா இப்பவே கேட்கிறா.

1997 மே 27

அம்மா ரோட் ரெஸ்ற் பாஸ். சோதனைக்காரர் காரைப் பற்றித்தான் அதிகம் கேட்டாராம்.

ஜூன் 12, வியாழன்

இதை ஒஷாவா பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். குலுக்குகிறது.

காலையில் இறங்கிப் பார்த்தால் கார் இல்லை. களவென்று பதறி மேலே ஓடினேன். துர்க்கா பல் தீட்டிக்கொண்டே, "அம்மா பக்கத்து வீட்டு யோகராணி அன்ரியோடை நயாகராவுக்குப் போயிட்டா. புளிச்சாதமும் கட்டிக்கொண்டு. உன்னை எழுப்ப வேண்டாமாம், காலமையிலை உனக்குச் சினமாம்" என்றாள்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே!"

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது: அம்மா சொன்ன அதே சொல். துர்க்கா பிரஷ்ஷை வாய்க்குள் வைத்தபடி சிரிக்கிறாள்.

பெற்றோல் நேற்று நான்தான் நிரப்பி வைத்தேன். போய்வரப் போதும்.